பெருக்கல் போட்ட வீடு

பாருங்க, மறுபடியும் அடிக்குது. சேலத்துல பஸ் ஏறினதுலருந்து இந்த ஃபோன் டிங்கு டிங்குன்னு ஒரே ரோதனை. ஒண்ணுமில்லைங்க, எங்க டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். ஒரு பொண்ணு எம்.டி. பாஸ் பண்ணிட்டாளாம். நாப்பத்தி மூணு பேர் பூங்கொத்து அனுப்பியிருக்காங்க. கை தட்டற படம், கேக்கு படம், எல்லாம். நான் ஒண்ணும் அனுப்பலை. அனுப்பவும் மாட்டேன்.

அந்த ஜன்னலைத் திறந்துடாதீங்க, மார்கழிப் பனி. கண்ணாடியெல்லாம் எப்படிப் பூத்துக் கெடக்கு பாருங்க. ஓசூர் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். முன்னாடி சீட்டுல ஜன்னலோரமா சால்வை போத்திக்கிட்டு உக்காந்திருக்காளே, அவ என் பொண்ணு. மிருதுளா. தூங்கறா, தூங்கட்டும். நீங்க பெங்களூருங்களா? வேலை அங்கதானா? நல்லதாப் போச்சு. நம்ம பக்கத்து ஆளுங்க பக்கத்துல உக்காந்தா நான் வாயே திறக்க மாட்டேன். வீட்டுல கார் இருக்குங்க, டிரைவரும் இருக்கான். இன்னைக்கு என்னமோ பஸ்ல போலாம்னு தோணுச்சு.

இந்தாங்க, தட்டுவடை. அட, ஒண்ணு எடுத்துக்குங்க.

ஆமாங்க, டாக்டர்தான். ஆனா நாக்கை நீட்டு, மூச்சை இழுத்து விடுன்னு சொல்ற டாக்டர் இல்லை. சமுதாய மருத்துவம். மத்தவங்க ஒரு ஆளுக்கு வைத்தியம் பாப்பாங்க, நாங்க ஊருக்கே பாக்கறவங்க. அதுலயும் நான் எடுத்துக்கிட்டது யாரும் தொடாத சமாச்சாரம். கருத்தடை, கர்ப்பப்பை, உறவுல ஒட்டற நோவு. முப்பத்திரண்டு வருசம் அதுலயே ஓடிப்போச்சு. புரொஃபசர், டிபார்ட்மென்ட்டுக்கே தலைவி. காலேஜ் பேரு எதுக்கு, விடுங்க.

நான் வேலைக்குச் சேந்த காலத்துல வெள்ளைப்படுதுன்னு சொல்லவே பொம்பளை டாக்டருங்க குரலைத் தாழ்த்துவாங்க. நான் மைக்குல சொன்னேன். ஒரு பஞ்சாயத்துக் கூட்டத்துல வாழைப்பழத்துல ஆணுறையை மாட்டிக் காட்டினேன். பிரசிடென்ட் துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? பாடத்தை முடிச்சுட்டு, பழத்தை உரிச்சு அங்கயே சாப்பிட்டேன். அப்படிப்பட்டவ நான். நான் கிளாஸ் எடுத்தா முதல் வார்த்தை இதுதான்: நோவைப் பரப்பறது கிருமி இல்லை, வெட்கம். எழுதிக்குங்கன்னு சொல்லுவேன். எல்லாரும் எழுதிக்குவாங்க.

வருசத்துக்கு மூணு பேர் மேல்படிப்புக்கு வருவாங்க. எல்லாம் எம்.பி.பி.எஸ். முடிச்ச டாக்டருங்க, முப்பது வயசு ஆகப்போறவங்க. முதல் வாரமே ஒவ்வொருத்தரையும் மேசை மேல ஏத்தி நிக்க வெப்பேன். அந்தரங்க உறுப்பு, அதுல வர்ற நோவு, எல்லாத்தையும் ஊர்ல என்ன பேர் சொல்லித் திட்டறாங்களோ அதே பேர்ல சத்தமாச் சொல்லோணும். முப்பது தரம். கதவு திறந்தே இருக்கும். கிளார்க்கு, பியூன், டீ கொண்டு வர்றவன் எல்லாரும் நின்னு கேப்பாங்க. கேக்கட்டும்னுதானே திறந்து வெக்கறேன்? இந்த வருசம் பாஸ் பண்ணிருக்காளே, இந்த இலக்கியா, அவ அஞ்சாவது தரத்துலயே அழுதுட்டா. அரியலூர்ப் பக்கம், அப்பா பஸ் கண்டக்டர். நான் ஒரு டம்ளர் தண்ணி குடுத்துட்டு, 'ஆறு'ன்னேன்.

கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுங்க. நானும் அப்படித்தான் மிதிப்பேன்.

ஆனா ஒண்ணு, வேலையில அவ கெட்டிக்காரி. இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். எங்க டிபார்ட்மென்ட்ல ஊர்ப் பொம்பளைங்க மனசு விட்டுப் பேசினது அவ ஒருத்திகிட்டத்தான். என்கிட்டப் பேச மாட்டாங்க. என்கிட்ட வந்தா 'ஒண்ணுமில்லீங்க'ம்பாங்க. அவகிட்ட மணிக்கணக்கா உக்காந்து சொல்லுவாங்க. அவ ஒண்ணும் கேக்கறதே இல்லை, சும்மா அவங்க வீட்டு அடுப்படியில வெங்காயம் உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருப்பா. எனக்கு அது பிடிபடலை. ஆளு அடக்கம், அதனால இருக்கும்னு நினைச்சேன். என் வாரிசா ஆக்கோணும்னு கூட நினைச்சேங்க. சத்தியமா. வளத்த கடா மார்ல பாயும்னு அப்ப யாருக்குத் தெரியும்?

எங்க பக்கம் போர்வெல் வண்டி ஜாஸ்தி. ரிக் வண்டிம்போம், பூமியில துளை போடற பெரிய லாரி. அதுல வேலைக்குப் போறவங்க மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு போனா எட்டு மாசம், பத்து மாசம் கழிச்சுத்தான் வீடு திரும்புவாங்க. வரும்போது பணம் கொண்டாருவாங்க, பொண்டாட்டிக்குச் சேலை கொண்டாருவாங்க, சில பேர் நோவும் கொண்டாருவாங்க. அந்த நோவு பொம்பளைக்கு வந்தா வெளியில ஒண்ணும் தெரியாதுங்க. உள்ளேயே கெடந்து கருக்குழாயை அடைச்சிடும். பிள்ளை தங்காது. என்னமோ ஏதோன்னு கோயில் கோயிலாப் போவா. நேரத்தோட மாத்திரை சாப்பிட்டா தீந்துது. ஆனா புருசனும் சேந்து சாப்பிடோணும். இல்லைன்னா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின கதைதான்.

இதைத்தான் இலக்கியாவுக்குத் தீசிஸாக் குடுத்தேன். தீசிஸ்னா ஒரு ஆராய்ச்சி பண்ணி எழுதிக் குடுக்கறது. கைடு, அதாவது நான், கையெழுத்துப் போட்டாத்தான் பரீட்சையே எழுத முடியும். ஊரு புங்கம்பாளையம். ரிக் வண்டிக்காரங்க வீடு மட்டும் இருநூத்திப் பத்து. ஒவ்வொரு வீட்டுப் பொம்பளைகிட்டயும் தனியாப் பேசி, சம்மதம்னு கையெழுத்து வாங்கி, மூத்திரம் எடுத்து டெஸ்ட் பண்ணோணும். நோவு இருந்தா ரெண்டு பேருக்கும் மாத்திரை. மூணு மாசம் கழிச்சு அதே பொம்பளைக்கு மறுபடி ஒரு டெஸ்ட். உங்க விவரம் வெளியில போகாதுன்னு அந்தச் சம்மதத் தாள்ல எழுதியிருந்துச்சு. நான்தான் எழுதினேன். 'தங்கள் மானம் எங்கள் மானம்'னு ஒரு வரி. ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற கமிட்டியில எல்லாரும் பாராட்டினாங்க.

பதினொரு பேருக்கு நோவு இருந்துச்சு. இருநூத்திப் பத்துல பதினொண்ணு. இப்ப அந்தப் பதினொரு வீட்டுக்கு நர்ஸம்மா மாத்திரை கொண்டு போகோணும், புருசன் வந்துட்டானான்னு பாக்கோணும், மூணு மாசம் கழிச்சு மறுபடி போகோணும். அந்த ஊர்ல வீட்டு நம்பர் ஒண்ணுக்கும் உதவாதுங்க. ஒரே நம்பர்ல நாலு வீடு. நர்ஸம்மா ரெண்டு தரம் வீடு மாறிப் போயிட்டா. அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. போலியோ சொட்டு மருந்து ஊத்தறப்ப வீட்டுச் சுவத்துல சாக்பீஸ்ல எழுதிட்டுப் போவாங்களே, பாத்திருப்பீங்க. ஊத்தியாச்சுன்னா ஒரு குறி, மறுபடி வரோணும்னா பெருக்கல் குறி. நாடு முழுக்க அப்படித்தான். அதையே இதுக்கும் போட்டா என்ன? நோவு இல்லாத வீட்டுக்கு டிக், மறுபடி போக வேண்டிய வீட்டுக்குப் பெருக்கல்.

சாக்பீஸ் மழைக்குப் போயிடும். நானே கடைக்குப் போய்க் காவிப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கியாந்தேன்.

இலக்கியா என்ன சொன்னா தெரியுங்களா? 'மேடம், ஊருக்குத் தெரிஞ்சிடும் மேடம். நான் ஒரு நோட்டுல வீட்டு அடையாளம் எழுதி வெச்சிருக்கேன், நானே நர்ஸ் அக்கா கூடப் போறேன்.' நான் சிரிச்சேன். 'தெரிஞ்சா என்னம்மா? காய்ச்சல்காரன் வெட்கப்படறானா? சர்க்கரைக்காரன் வெட்கப்படறானா? மேசை மேல ஏறி நின்னு முப்பது தரம் கத்தினியே, அது எதுக்கு?' அவ விடலை. 'சம்மதத் தாள்ல நாம எழுதியிருக்கோமே மேடம்'னா. 'பேரா எழுதறோம்? பெருக்கல்தானே போடறோம்'னேன். பிரஷ்ஷை அவ கையிலேயே குடுத்தேன். மாட்டேன்னா. யார் கையெழுத்துப் போடற தீசிஸ்? போட்டா. ஒவ்வொரு வீட்டு வாசக்கால் பக்கத்துலயும் உள்ளங்கை அகலத்துக்கு. நான் ஜீப்புல உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தேன்.

ஊர்க்காரங்க முட்டாளுங்களா சொல்லுங்க? டிக் வீட்டுக்கு நர்ஸம்மா எட்டிப் பாக்கறதில்லை. பெருக்கல் வீட்டுக்கு மட்டும் போறா. ரெண்டு கவர் குடுக்கறா, ஒண்ணு உனக்கு, ஒண்ணு உங்க வீட்டுக்காரருக்குன்னு. தண்ணிக் குழாயில நிக்கறப்ப நாலு பொம்பளைங்க கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டாங்க. ஒரே வாரம். பெருக்கல் வீடுன்னு பேரே வந்துடுச்சு. 'பெருக்கல் ஊட்டுல போயி மோர் வாங்காத'ங்கறது, 'பெருக்கல் ஊட்டுல பொண்ணு எடுக்காத'ங்கறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்தப் பொம்பளைங்க மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சிருக்காங்க, போகலை. நல்ல பெயிண்ட்டுங்க அது. சில பேர் அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சாங்க. அழுக்குச் சுவத்துல அந்த இடம் மட்டும் வெள்ளையா இருந்தா இன்னும் நல்லாத்தானே தெரியும்? அதுக்கப்புறம்தான் கூத்து. சண்டைக்காரி வீட்டுச் சுவத்துல இவளே போய்ப் பெருக்கல் போட்டு விடறது. மருமக மேல கோவம்னா மாமியாக்காரி சொந்த வீட்டுச் சுவத்துலயே போட்டுட்டான்னு கேள்வி. பதினொண்ணு இருபத்தாறு ஆயிடுச்சுங்க. என் கணக்கே நாறிப்போச்சு. எத்தனை வருசத்துக் கனவு அந்த ஆராய்ச்சி! எனக்கு எவ்வளவு வேதனையா இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க.

அந்தப் பதினொண்ணுல ஒருத்தி செல்லக்கிளி. அவ புருசனும் ரிக் வண்டிதான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறவ. எட்டு வருசமா.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும், என் ரூம் வாசல்ல வந்து நிக்கறா. ஒல்லியா இருந்தா. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டு, செருப்பை வெளியில விட்டுட்டு. 'அம்மா, எனக்கு ஒரு சீட்டு வேணுமுங்க'ன்னா.

'என்ன சீட்டு?'

'என்ற கையில சோறு தின்னா பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க. பள்ளிக்கூடத்து எட்மாஸ்டரு கேக்கறாருங்க. திங்கக்கெழமைக்குள்ள குடுக்காட்டி வேற ஆளப் போட்டுருவாங்களாமா.'

விசயம் என்னன்னா, சோறு மிஞ்சுதாம். தொண்ணூத்தாறு பிள்ளைங்க சாப்பிடற எடத்துல பன்னெண்டு பேர் சாப்பிடறாங்க. தட்டை எடுத்துக்கிட்டு வரிசைக்கு வர்ற பிள்ளைங்களை அவங்கம்மாமாருங்க கேட்டுக்கு வெளியில நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கறாங்களாம். இவ கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா.

சோத்துல பரவற நோவே இல்லைங்க அது. இவ மாத்திரையும் ஒழுங்காச் சாப்பிட்டுட்டா. ஒரு வரி எழுத எனக்கு ரெண்டு நிமிசம் ஆகாது. ஆனா எழுதலை. ஏன்? கொள்கை. எழுதினா இவளுக்கு நோவு இருந்துச்சுன்னு நானே ஒரு மூணாம் மனுசனுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? 'உன் டெஸ்ட் ரிசல்ட்டு ரகசியம்மா. அதை வெளியில குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை'ன்னேன்.

'அப்ப செவுத்துல எழுதுனதுங்க?'ன்னா.

எப்படிக் கேட்டா பாருங்க. 'அது ரிசல்ட்டு இல்லைம்மா, அது எங்க ஆபீஸ் குறிப்பு'ன்னேன். அதுக்கப்புறம் நல்லவிதமா எடுத்துச் சொன்னேன். 'நீ ஏன் சீட்டுக்கு அலையறே? தலை நிமிந்து நில்லு. ஆமா எனக்கு நோவு இருந்துச்சு, தீந்து போச்சுன்னு நீயே ஊர் நடுவுல சொல்லு. உன்னைப் பாத்து நாலு பேருக்குத் தைரியம் வரும்'னேன். அவ, 'சரிங்க'ன்னா. போய் வெளியில செருப்பு மாட்டிக்கிட்டா. செருப்பு வாரு அறுந்திருக்கும்போல, ரொம்ப நேரம் குனிஞ்சுக்கிட்டே இருந்தா. நான் சொன்னதைச் செஞ்சிருந்தா இன்னைக்கு எங்கயோ போயிருப்பா.

இந்தப் பொண்ணு இலக்கியா அதை எங்கயோ நின்னு கேட்டிருக்கா.

திங்கக்கிழமை காலையில டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட்டுல அவளே எழுதியிருக்கா. எங்க ஆபீஸ் சீலும் அடிச்சிருக்கா. 'திருமதி செல்லக்கிளி சமைக்கும் உணவை உண்பதால் யாருக்கும் எந்த நோயும் வராது. அவர் ஆரோக்கியமாக இருக்கிறார்.' கீழ கையெழுத்து. அதோட விட்டாளா? அஞ்சு நாளும் மத்தியானம் பஸ் பிடிச்சுப் புங்கம்பாளையம் போயிருக்கா. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பின்னாடி தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நின்னு, செல்லக்கிளி கையில சோறு வாங்கி, திண்ணையில உக்காந்து எல்லாரும் பாக்கச் சாப்பிட்டாளாம். முதல் நாள் கேட்டு வாசல்ல நின்ன பொம்பளைங்க வேடிக்கை பாத்தாங்களாம். மூணாம் நாள் முப்பது பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை அறுபது. ஒருத்தி தன் பிள்ளைக்கு முட்டை வெச்சாங்களான்னு உள்ளே வந்தே எட்டிப் பாத்தாளாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்கறீங்களா? அந்த ஹெட்மாஸ்டர் எனக்கு ஃபோன் பண்ணி நன்றி சொல்றார்! 'நீங்க குடுத்த லெட்டராலதான் மேடம், எங்க சமையக்காரம்மா பொழச்சுக்கிச்சு'ங்கறார். நான் குடுத்த லெட்டரா? எனக்குத் தலைக்கு மேல சுர்ருன்னு ஏறுச்சு. முப்பத்திரண்டு வருசத்துல என் ஆபீஸ் சீல்ல ஒருத்தர் கை வெச்சதில்லைங்க. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா? எந்த அடிப்படையில குடுத்தீங்கன்னு கேட்டா?

அன்னைக்கே நான் ஹெட்மாஸ்டருக்கு எழுதினேன். 'மேற்படி கடிதம் துறைத் தலைவரின் ஒப்புதல் பெறாதது. அது செல்லாது. சமையலரின் உடல்நிலை குறித்து இத்துறை எதுவும் கூறுவதற்கில்லை.' டைப் பண்ணி ஸ்பீடு போஸ்ட்ல போட்டேன். ரெண்டு நிமிசம் ஆகலை.

அதுல ஒரு வார்த்தை பொய் உண்டா, நீங்களே சொல்லுங்க. சட்டப்படி எழுதினேன். அவங்க அதை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்கன்னு நான் கனவா கண்டேன்? ஒட்டிட்டாங்க. எதுவும் கூறுவதற்கில்லைன்னா ஊர்க்காரங்களுக்கு என்ன அர்த்தம்? அடுத்த வாரம் வேற ஆளைப் போட்டுட்டாங்க.

இலக்கியாவைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேப்பான்னு பாத்தா, 'நான் எழுதினதுல எது பொய் மேடம்?'ங்கறா. 'பொய்யா உண்மையாங்கறது கேள்வி இல்லைம்மா, சீல் யாருது?'ன்னேன். அப்ப ஒண்ணு கேட்டா பாருங்க. குரலை உசத்தாம, இப்ப நான் உங்ககிட்டப் பேசற மாதிரி. 'மேடம், உங்க வீட்டுச் சுவத்துல யாராவது எழுதினா விடுவீங்களா?' நான் சிரிச்சேங்க. 'தாராளமா எழுது. எங்க வீட்டுக் காம்பவுண்டு சுவரு நீளம், பெருசாவே எழுது. மறைக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லை'ன்னேன். அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

அப்புறம் தீசிஸைக் கொண்டாந்து வெச்சா. நான் சொன்ன மாதிரிதான் எழுதியிருந்தா. ஆனா கடைசியில ஒரு பக்கம் சேத்திருந்தா. பெயிண்ட் டப்பா, சுண்ணாம்பு, இருபத்தாறு பெருக்கல், செல்லக்கிளி வேலை போனது, எல்லாம். 'இந்த ஆய்வால் ஏற்பட்ட தீங்கு'ன்னு தலைப்பு. தீங்காம்! நான் அந்தப் பக்கத்தை உருவிட்டு, 'செல்லக்கிளியை இடம் பெயர்ந்தார்னு போட்டுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்'னேன். அது பொய்யில்லைங்க. அதுக்குள்ள அவ நிஜமாவே ஊரை விட்டுப் போயிட்டா.

புருசன் சத்தீஸ்கர்லருந்து வந்திருக்கான். சுவத்தைப் பாத்திருக்கான். 'எவன்கிட்டடி வாங்குன?'ன்னு கேட்டிருக்கான். கொண்டாந்தவனே அவன்தான், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மாத்திரைக் கவரை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கா, அதைத் தூக்கிச் சாக்கடையில எறிஞ்சுட்டு அவளையும் வெளியில தள்ளிட்டானாம். இப்ப எங்கயோ கோழிப்பண்ணையில முட்டை அடுக்கறாளாம். பாவந்தான். பாவம்னு சொல்லாம இருக்க நான் என்ன கல்லா? ஆனா மூணாம் மாச டெஸ்ட்டுக்கு அவ வரலை பாருங்க. பதினொண்ணுல ஒண்ணு போயிடுச்சு.

இலக்கியா அந்தப் பக்கத்தை எடுக்க மாட்டேன்னுட்டா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். பரீட்சை போச்சு. ஆறு மாசம். கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்துச்சு, அதுவும் தள்ளிப் போச்சு. ஹாஸ்டல்ல இடம் இல்லைன்னு வெளியில போக வெச்சேன். ஆறு மாசத்துல வழிக்கு வருவான்னு பாத்தேன். டீன்கிட்டப் போய் வேற கைடு வாங்கிட்டா. அந்தப் பக்கத்தோடவே தீசிஸ் போயிடுச்சு, இன்னைக்கு அந்தப் பக்கத்தோடவே பாஸும் பண்ணிட்டா. நாப்பத்தி மூணு பேர் பூ அனுப்பறாங்க. இப்ப நாப்பத்தி நாலு. என்கிட்டப் படிச்சவங்க எல்லாரும். எனக்கு நெஞ்சு எரியுதுங்க. வெளிப்படையாவே சொல்றேன், எரியுது.

என்ன கேட்டீங்க? பெங்களூர்ல என்ன வேலைன்னா?

அது... நீங்க அந்த ஊர்க்காரங்க, உங்ககிட்டச் சொன்னா என்ன. பொண்ணுக்குக் கல்யாணமாகி நாலு வருசம். வயித்துல ஒண்ணும் தங்கலை. போன மாசம் ஸ்கேன் பண்ணோம். குழாய் ரெண்டும் அடைப்பு. பழைய தொற்றுன்னு எழுதியிருக்கான். நான் படிச்சுப் பாத்துட்டு ரிப்போர்ட்டை ரெண்டா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டேன். அதான் பெங்களூர்ல ஒரு ஆஸ்பத்திரி. எங்க ஊர்லயே இந்த வைத்தியம் இருக்குங்க, என் ஸ்டூடண்ட்டே பாக்கறா. அங்க போக முடியுமா? கார்ல வந்தா டிரைவர் நாளைக்கே காலேஜ் பூரா சொல்லிடுவான்.

மாப்பிள்ளைக்கு ராசிபுரம், கப்பல்ல எஞ்சினீயர். எட்டு மாசம் கடல்ல, நாலு மாசம் வீட்டுல. தங்கமான மனுசன். அவரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லலாமேன்னு நீங்க நினைக்கறது தெரியுது. ஏங்க, மாப்பிள்ளைங்க அவரு. ரிக் வண்டிக்காரன்கிட்டக் கேக்கற மாதிரி அவர்கிட்டக் கேக்க முடியுமா? மருவாதின்னு ஒண்ணு இல்லையா? மிருதுவும் அழுதா, 'அவர்கிட்ட நான் கேக்கறேம்மா'ன்னா. வாயை மூடுன்னுட்டேன். கேட்டு, அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சு, ராசிபுரம் பூராவும் தெரிஞ்சு...

என்னது? உங்க அம்மா வீடு ராசிபுரமா?

பெங்களூர்னு சொன்னீங்களே. வேலைதான் பெங்களூரா. ராசிபுரத்துல எந்தப் பக்கம்? ஐயோ சாமி. இதுக்குத்தான் நான் வாயே திறக்கறதில்லை. கண்ணு, இங்க பாரு கண்ணு, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். உனக்கும் தங்கச்சி அக்கா இருப்பாங்க. நான் சொன்னது இந்த சீட்டோட போகட்டும். ஒரு பொண்ணு வாழ்க்கை. நாலு பேர் வாயில விழுந்தா எந்திரிக்கவே முடியாது. நான் இந்த ஊரு உலகத்தை முப்பத்திரண்டு வருசமாப் பாத்தவ, எனக்குத் தெரியும்.

உங்க பேரு கேக்கலை, நீங்களும் என் பேரைக் கேக்காதீங்க. ஆஸ்பத்திரியில கூட வேற பேர்தான் குடுத்திருக்கேன். என்னை அம்மான்னு கூப்பிடாதே, அத்தைன்னு கூப்பிடுன்னு மிருதுகிட்டச் சொல்லியிருக்கேன். ரொம்ப நாகரிகமான ஆஸ்பத்திரி. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாம், டோக்கன் நம்பர்தான். ஒருத்தரை ஒருத்தர் பாக்காத மாதிரி தனித்தனி ரூமாம். ஃபைல்ல கூட வெளியில ஒரு அடையாளம் இருக்காதாம். வெறும் வெள்ளை அட்டை. இதையெல்லாம் நம்ம ஊர்க்காரங்க எப்பத்தான் கத்துக்கப் போறாங்களோ.

ஓசூர் வந்துடுச்சுபோல. பஸ் நிக்கப் போகுது. மிருது... மிருது கண்ணு, எந்திரி. அட, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா? எப்பலேருந்து முழிச்சிருக்கே?

கண்ணாடியில விரலால என்ன எழுதறே? என்ன அது... பெருக்கலா? இவ்வளவு பெருசா? விளையாடறியா நீ? அழி கண்ணு. அழிங்கறேன்ல. சால்வையில தொடைச்சிடு. ஏண்டி என்னை அப்படிப் பாக்கறே? ஸ்டாண்டுல ஆளுங்க நிக்கறாங்க, சட்டுனு அழிடி. நாலு பேர் பாக்கறாங்க.